நெல்லைப் பக்கம் ரெண்டு நாள் சைக்கிள்: மலையும் வேண்டும், பழைய கோயில்களும் வேண்டும். வழி சொல்லுங்கள்

மெட்ராஸ்_மிதி:
அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். சென்னையிலிருந்து நாலு பேர் வருகிறோம். எல்லாமே ரோடு சைக்கிள், 28 மி.மீ. டயர். வாராவாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மிதித்து, இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிற கூட்டம். ஏற்றம் என்றால் எங்களுக்கு மேம்பாலம்தான். எனக்கு அம்மா வழி ஊர் அம்பாசமுத்திரம். ஆனால் அந்தப் பக்கத்தைக் காரிலும் ரயிலிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

யோசனை இதுதான். ஜூலை நான்காவது வாரம், குற்றாலத்தில் சாரல் இருக்கும்போது வருவது. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து திருநெல்வேலியில் இறங்கி, முதல் நாள் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை ஏறுவது. மறுநாள் தென்காசி, குற்றாலம். வழியில் பழைய கோயில், கோட்டை என்று இரண்டு மூன்று இடம். நடக்குமா?

அம்பை_வாய்க்கால்:
மாஞ்சோலையை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள் தம்பி. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியிலேயே இருசக்கர வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சைக்கிளுக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. ரோடும் ரோடு சைக்கிளுக்கான ரோடு இல்லை. இணையத்தில் யாரோ போட்ட பழைய படத்தை நம்பி வந்து, சாவடியில் நின்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

நம்ம பக்கத்தில் மலைமேல் சைக்கிள் ஓட்டுவது குறைவு, மலையோரமாக ஓட்டுவதுதான் அதிகம். அதைப் புரிந்துகொண்டால் பிரமாதமான ரோடுகள் இருக்கின்றன. அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி வரை போய்ப் பாருங்கள். இடதுகைப் பக்கம் மலை கூடவே வரும். கடனாநதி, இராமநதி என்று சின்ன ஆறுகள் குறுக்கே வரும். ரோடு லேசாக ஏறும், இறங்கும், மூச்சு வாங்குகிற அளவுக்கு எதுவும் இல்லை. கடையத்தில் ஒரு டீ. பாரதியார் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பிறகு 1918 முதல் 1920 வரை இருந்த ஊர் அது, செல்லம்மாளின் ஊர்.

கல்வெட்டுப்_பித்தன்:
அம்பைக்குப் போகிறவர் அம்பையிலேயே நிற்க வேண்டிய மூன்று இடங்களை விட்டுவிட்டு டீக்கடையைச் சொல்கிறீர்களே அண்ணாச்சி!

தம்பி, அம்பாசமுத்திரத்தைச் சுற்றிச் சின்ன வட்டத்துக்குள் திருவாலீஸ்வரம், மன்னார்கோயில், பிரம்மதேசம் மூன்றும் இருக்கின்றன. வயல் நடுவே, வாய்க்கால் ஓரமாகப் போகிற ஊர்ப்பாதைகள். காரில் வந்தால் எதிரே டிராக்டர் வரும்போது திண்டாட வேண்டும், சைக்கிளுக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் திருவாலீஸ்வரம். சோழர் காலக் கோயில். விமானத்தில் உள்ள பூதகணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்றின் முகம் போல இன்னொன்று இருக்காது. கல்வெட்டில் ‘மூன்றுகை மகாசேனை’ என்ற படைப்பிரிவு வருகிறது. கோயிலையும் அதன் சொத்தையும் காக்கிற பொறுப்பை ஒரு படை ஏற்றுக்கொண்ட செய்தி. பாண்டிய நாட்டைப் பிடித்த சோழர்கள் இவ்வளவு தெற்கே படையை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

மன்னார்கோயில் அதற்கு அடுத்து. இராசேந்திர சோழன் காலத்தில் சேர மன்னன் இராசசிம்மன் கட்டியது, பெயர் இராசேந்திர சோழ விண்ணகர். யோசித்துப் பாருங்கள்: பாண்டிய மண், சோழன் பெயர், கட்டியவன் சேரன். தாமிரபரணித் தண்ணீருக்கு யார்தான் ஆசைப்படவில்லை?

பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில் அளவில் பெரியது. கோபுரத்துக்குக் கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு விஷயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். சிறிய கோயில்களில் அர்ச்சகர் வருகிற நேரம்தான் நேரம். திட்டம் போடும்போது ஏற்றத்தைவிட இதுதான் முக்கியம்.

காற்றாலை_கயத்தாறு:
எல்லாரும் கோயிலைச் சொல்கிறீர்கள், காற்றை யாரும் சொல்லவில்லையே. ஜூலை கடைசி என்றால் ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைந்து தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் என்று கயத்தாறு வரைக்கும் அடிக்கும். எங்கள் ஊரில் இத்தனை காற்றாலை சும்மா நட்டு வைக்கவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மேற்கே போகிறீர்கள். எதிர்க்காற்று 30 கி.மீ. உங்கள் நெஞ்சில் மோதுவது 50 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் காற்றில்லாத நாளில் இருப்பதைவிட ஆறேகால் மடங்கு. அந்தக் கூடுதல் பாரம் ஏறக்குறைய 4 சதவீத ஏற்றத்தில் மிதிப்பதற்குச் சமம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி 53 கி.மீ. அத்தனை தூரமும் 4 சதவீதம் ஏறினால் 2,100 மீட்டருக்கு மேல் வருகிறது. அகத்தியர் மலையின் உயரமே 1,868 மீட்டர்தான்!

மலை இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஆடியில் ஆலங்குளம் ரோட்டுக்கு வாருங்கள், பொதிகையைவிடப் பெரிய மலை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

கல்வெட்டுப்_பித்தன்:
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் ஊதியிருக்கிறீர்கள். வானிலைக்காரர்கள் சொல்லும் 30 என்பது 10 மீட்டர் உயரத்தில் அளப்பது. ஹேண்டில்பார் உயரத்தில் அவ்வளவு இருக்காது. ஊர், மரம், வளைவு எல்லாம் நடுவே தடுக்கும். பாதியாகப் போடுங்கள்.

காற்றாலை_கயத்தாறு:
சரி, பாதி. ஆயிரம் மீட்டர். சென்னை மேம்பாலத்துக்கு அது போதாதா?

மெட்ராஸ்_மிதி:
போதும் போதும். காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் ஆடியில் வரவே கூடாதா? எங்கள் நாலு பேருக்கும் சேர்ந்து லீவு கிடைப்பது அப்போதுதான். கூட வருகிற ஒருவர் அருவியில் குளிக்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். மலை ஏற்றம் ஒன்றாவது வேண்டும் என்று இன்னொருவர் அடம். எங்கள் கியர்: பெடல் பக்கம் 50/34 பல், பின்னால் 11-32 பல்.

செங்கோட்டைக்காரன்:
ஏற்றம் வேண்டும் என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். செங்கோட்டையிலிருந்து புளியரை, அதற்கு மேல் ஆரியங்காவு. தேசிய நெடுஞ்சாலை 744. புளியரை தாண்டியதும் ஏறத் தொடங்கும், ‘எஸ்’ வளைவு வரும், அதன்பின் கேரள எல்லை. 34-க்கு 32 இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம், தொடை வெடிக்கிற ஏற்றம் இல்லை.

ஆனால் லாரி. காய்கறி, வைக்கோல், சிமென்ட் என்று கேரளாவுக்குப் போகிற அத்தனையும் அந்த ஒரே ரோட்டில்தான் ஏறும். விடிந்த உடனே ஏறி, வெயில் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆடியில் அங்கே மழையும் மூடுபனியும் சாதாரணம். ஏறுகிறபோது பயமில்லை, லாரியும் ஊர்ந்துதான் வரும். இறங்கும்போதுதான் ஆபத்து. ரிம் பிரேக் வைத்திருக்கிறவர்கள் ஈர ரிம் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிக்கும் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். பின்னால் சிவப்பு விளக்குப் பகலிலும் எரியட்டும்.

ஆரியங்காவோடு திரும்பிவிடாமல் தென்மலைப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் பதிமூன்று கண் பாலம். 1904-இல் திறந்த கொல்லம் ரயில் பாதையில் கல்லால் கட்டியது. மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றிய பிறகும் அது நிற்கிறது, 2018-லிருந்து மறுபடி ரயில் முழுசாக ஓடுகிறது. ஆனால் அங்கே இறங்கினால் அவ்வளவும் திரும்ப ஏறியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

செங்கோட்டைக்குள் வாஞ்சிநாதன் நினைவு மண்டபம் இருக்கிறது. நீங்கள் தென்காசியிலிருந்து வந்தால் பிரானூர் வரும். இன்றைக்கும் நாங்கள் ‘பார்டர்’ என்றுதான் சொல்வோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே, எல்லை அங்கே இருந்தது. எல்லை மலைக்கு மேலே ஏறிப் போய்விட்டது, பேரும் புரோட்டாவும் பிரானூரிலேயே தங்கிவிட்டன. ஏறி இறங்கிய பிறகு அந்தப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுங்கள். ஏறுவதற்கு முன்னால் வேண்டாம், என் பேச்சைக் கேளுங்கள்.

பாளை_அக்கா:
நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண்கள் குழுவாக ஓட்டுகிறோம், ஆரியங்காவு ரோடு எனக்குப் பிடிக்காது. லாரிக்காரர்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கே அங்கே இடம் பற்றாது. ஏற்றம்தான் வேண்டும் என்றால் பண்பொழி திருமலைக் கோயில் இருக்கிறது. 600-க்கு மேல் படிகள் உள்ள முருகன் கோயில். வண்டி போகிற ரோடு தனியாக மேலே வரைக்கும் வளைந்து வளைந்து போகிறது. தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. மேலே நின்றால் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் குளங்களும் தென்னந்தோப்பும். நாலு பேரில் ஒருவராவது பாதியில் இறங்கித் தள்ளுவீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தம்பி, நீங்கள் வருகிற திசையே தப்பு. காற்றை எதிர்த்து ஏன் மேற்கே போகிறீர்கள்? நெல்லை எக்ஸ்பிரஸை விட்டுவிட்டுப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். அது செங்கோட்டை வரை வருகிறது. மலை அடிவாரத்தில் காலையில் இறங்கிவிடலாம். முதல் நாள் ஏற்றம், அருவி, தென்காசி. இரண்டாம் நாள் மலையோரமாகத் தெற்கே கடையம், அம்பை, அங்கிருந்து கிழக்கே திருநெல்வேலி. அம்பையில் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிடும், ரோடும் ஆற்றோடு சேர்ந்து லேசான இறக்கம். சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்விடலாம். ஆடியும் உண்டு, சாரலும் உண்டு.

காற்றாலை_கயத்தாறு:
அக்கா சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஒரு திருத்தம்: தென்காசியிலிருந்து கடையம் வரை காற்று பக்கவாட்டில் வலது கையில் அடிக்கும். மலை இடைவெளி வருகிற இடங்களில் திடீரென்று தள்ளும். உயரமான ரிம் போட்டவர்கள் அன்றைக்கு அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பஸ் முந்திப் போகும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், அந்த இடத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக வைத்திருந்தால் சைக்கிள் தானாகவே நேராகிவிடும்.

அம்பை_வாய்க்கால்:
திசை மாற்றியது சரிதான். ஆனால் தேதியைப் பாருங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊர் உலகமே திரண்டு வரும். அந்த நாட்களில் அம்பை, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் ரோட்டில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது. சங்கரன்கோவில் ஆடித்தபசும் அதே மாதம், அந்தப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை என்றாலும் தென்காசியில் அறை கிடைப்பது கஷ்டமாகும்.

பாபநாசத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள். கோயிலும் படித்துறையும் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில்லைப் பாருங்கள். 1880-களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாபநாசத் தண்ணீரின் விசையை வைத்து இயந்திரம் ஓட்ட வந்து போட்ட பஞ்சாலை. ஒரு ஊரே அதைச் சுற்றி முளைத்தது. உள்ளே விடமாட்டார்கள், வெளியே இருந்துதான் பார்க்க முடியும்.

அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காய்வதைப் பார்க்கலாம், ஆடிச் சாரலில் காயுமா என்பது வேறு விஷயம். வீரவநல்லூரில் தறிச் சத்தம், பத்தமடையில் கோரைப்பாய். வழி நெடுக ஆற்றின் வாய்க்கால்கள் கூடவே வரும். தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டு. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி வரை நீங்கள் பார்க்கிற பச்சை முழுக்கக் கன்னடியன் கால்வாய் கொடுத்தது. நம்ம பக்கத்தில் பழைய நினைவுச் சின்னம் என்றால் நான் முதலில் அணைக்கட்டைத்தான் காட்டுவேன். கோபுரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கார் நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தால் வாய்க்காலில் ஒரு முங்கு போடுங்கள், குற்றாலக் கூட்டத்தில் வரிசையில் நின்று தலை நனைப்பதைவிட அது மேல்.

கல்வெட்டுப்_பித்தன்:
ஏழு அணைக்கட்டுகளையும் ஒரே மூச்சில் ‘முந்தியவை’ என்று சொல்லிவிட்டீர்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு காலம். ஆனாலும் உங்கள் கட்சிதான் நானும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் திருவாலீஸ்வரத்தில் படை எதற்கு, கோயில் எதற்கு?

மெட்ராஸ்_மிதி:
அக்கா, நீங்கள்தான் எங்களைக் காப்பாற்றினீர்கள். பொதிகைதான், முடிவு. இன்னும் மூன்று கேள்வி. சைக்கிள் உடையோடு கோயிலுக்குள் விடுவார்களா? பஞ்சர் எப்படி? கழுகுமலையை எப்படியாவது சேர்க்க முடியுமா?

பாளை_அக்கா:
உடை: விடமாட்டார்கள், விட்டாலும் அந்த இறுக்கமான கால்சட்டையோடு போகாதீர்கள். ஆளுக்கு ஒரு மெல்லிய வேட்டி சுருட்டிச் சட்டைப் பின்பையில் வையுங்கள். இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போகலாம். பெண்கள் யாராவது வந்தால் ஒரு சுடிதார் பேண்டும் துப்பட்டாவும் போதும். காலணியில் கிளீட் (பெடலில் மாட்டுகிற கொக்கி) இருந்தால் கல்படியில் வழுக்கும், வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

பஞ்சர்: பெரிய ரோட்டில் பயமில்லை. ஊர்ப்பாதைகளில் உடைமுள் கிடக்கும், வேலி வெட்டிப் போட்டிருப்பார்கள். டியூப்லெஸ் என்றால் சீலண்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) புதுசாக ஊற்றிக்கொண்டு வாருங்கள். டியூப் என்றால் ஆளுக்கு இரண்டு. அம்பையிலும் தென்காசியிலும் சைக்கிள் கடை உண்டு, ஆனால் நீள வால்வு டியூப் அங்கே கேட்டுப் பெற முடியாது. முள் குத்தியிருந்தால் பிடுங்குவதற்கு முன் டயரை உள்பக்கமாகத் தடவிப் பாருங்கள், ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

நாய்: விடியற்காலையில் ஊர் எல்லைகளில் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடந்தால் போய்விடும்.

கல்வெட்டுப்_பித்தன்:
கழுகுமலையை இதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் ரெண்டும் கெடும். அது கரிசல் காட்டுப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து கயத்தாறு வழியாகத் தனியாக ஒரு நாள் போக வேண்டிய இடம். கயத்தாற்றில் கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட இடத்தில் நினைவு மண்டபம். அங்கிருந்து கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலையான வெட்டுவான் கோயில், ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் விட்டது. உச்சியில் விமானம் முழு அழகோடு இருக்கும், கீழே பாறை அப்படியே கிடக்கும். உளி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. பக்கத்திலேயே சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில். அதை அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். தை மாசியில் வாருங்கள், காற்றும் இருக்காது, பாறையும் சுடாது. நானே கூட வருகிறேன்.

பாளை_அக்கா:
இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் திருநெல்வேலிக்குள் வந்து முடிக்கும்போது வண்ணார்பேட்டைப் பக்கம் சுலோசன முதலியார் பாலத்தைப் பார்க்க ஆசைப்படுவீர்கள். 1843-இல் திறந்தது. சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். பாலத்தில் நிற்காதீர்கள், கீழே ஆற்றங்கரைக்கு இறங்கினால்தான் வளைவுகள் தெரியும்.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், கொக்கிரகுளம் ஆற்றங்கரையில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மேல் தடியடி நடந்து 17 பேர் இறந்தார்கள். நீங்கள் முதலில் ஏற நினைத்த அதே மாஞ்சோலைதான். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். அதில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள். ஒவ்வொரு வருடமும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவ ஆட்கள் வருவார்கள், போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே வந்து சேர்ந்தால் பாளையங்கோட்டைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். இல்லை, இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போங்கள், அது உங்கள் விருப்பம்.

மெட்ராஸ்_மிதி:
அம்மா இந்தச் செய்தியை எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். இடம் இதுதான் என்று தெரியாது. நன்றி அக்கா.

முடிவு செய்த வழி: முதல் நாள் செங்கோட்டையில் இறங்கி நேராகப் பண்பொழி, திருமலைக் கோயில் ஏற்றம், இறங்கிவந்து பிரானூரில் புரோட்டா, குற்றாலம், தென்காசியில் தங்கல். மறுநாள் மழை இல்லை என்றால் இருவர் மட்டும் விடியலில் ஆரியங்காவு ஏறி இறங்குவார்கள், மற்ற இருவர் தென்காசி காசி விசுவநாதர் கோயில். அப்புறம் எல்லாருமாகக் கடையம், ஆழ்வார்குறிச்சி, நடை சாத்துவதற்குள் திருவாலீஸ்வரம், சாயங்காலம் திருநெல்வேலி.

செங்கோட்டைக்காரன்:
இரண்டாம் நாள் கணக்கு உதைக்கிறது. ஆரியங்காவு போய் இறங்கி, நடை சாத்துவதற்குள் திருவாலீஸ்வரம் வர உங்களால் முடியாது. தென்காசியிலிருந்து அம்பையே நாற்பது கிலோமீட்டர் பக்கம். ஆரியங்காவை முதல் நாளுக்குத் தள்ளுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

மெட்ராஸ்_மிதி:
விட்டுவிட்டோம். அடம் பிடித்தவரைத் திருமலைக் கோயில் ரோட்டில் ரெண்டு தடவை ஏறச் சொல்லியிருக்கிறோம். சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றுவது?

அம்பை_வாய்க்கால்:
எழும்பூரில் பார்சல் அலுவலகத்தில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். வண்டி கிளம்புகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய்விடுங்கள். டெரெய்லரை, அதாவது பின்னால் கியர் மாற்றுகிற கருவியைச் சுற்றி அட்டையும் சாக்கும் நன்றாகக் கட்டி, பெயரும் போகும் ஊரும் எழுதி ஒட்டுங்கள். மற்ற பார்சலை மேலே தூக்கிப் போடுவார்கள். பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது. பதினைந்து மில்லிமீட்டர் ஸ்பேனரை மறந்துவிட்டு வந்தால் செங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டியதுதான்.